எல்லைக்கல்லும் இருக்கையும்: தமிழ்க் கிறித்தவத்தில் அன்பும் நீதியும்



நீதிமொழிகள், யோபு, பிரசங்கி, புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம். விவிலியத்தின் இந்த ஞான நூல்களுக்குத் தலித் இலக்கிய மேடையில் என்ன வேலை என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உரிய பேச்சல்லவா அது? ஒரு வழக்கைச் சொல்லிவிட்டு அந்தக் கேள்விக்கு வருகிறோம்.

சூசை சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். ஆதி திராவிடர் குடும்பத்தில் பிறந்தவர், கிறித்தவர். 1980களின் தொடக்கத்தில், சாலையோரம் உட்கார்ந்து வேலை செய்யும் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடைகள் வழங்கியது. பட்டியல் சாதியினருக்கான திட்டம் அது. அதே தொழிலைச் செய்த இந்து ஆதி திராவிடருக்குக் கடை கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாம் பத்தி என்று ஒன்று இருக்கிறது. இந்து மதத்தைச் சேராதவர் எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தப் பத்தி தளர்த்தப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றுவரை தளரவில்லை. சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று அவருடைய மனு தள்ளுபடியானது.

தீர்ப்பு சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாதாம். சாதியால் வந்த இழிவும் தடைகளும் பழைய மதத்தில் இருந்த அதே கடுமையோடு புதிய மதச் சூழலிலும் தொடர்கின்றன என்று மெய்ப்பிக்க வேண்டுமாம். அப்படிப்பட்ட நம்பத்தக்க ஆதாரம் எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். வழக்காடும் மொழியை நீக்கிப் பார்த்தால் கேட்கப்பட்டது இதுதான்: அன்பைத் தலையாய கட்டளையாகச் சொல்லும் மதத்துக்குள் அன்பு இல்லை என்று காட்டு. கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்றால் போதாது, இந்து மதத்தில் இல்லாத அளவுக்கே இங்கும் இல்லை என்று காட்டு. சூசைக்கு ஒரு பெட்டிக்கடை கிடைக்க வேண்டுமானால் சபை தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டும்.

சூசை என்பது யோசேப்பின் பெயர். கத்தோலிக்கத் தமிழில் சூசையப்பர் என்று வழங்கும் பெயர், தொழிலாளர்களின் பாதுகாவலர் என்று திருச்சபை கொண்டாடும் தச்சரின் பெயர். மத்தேயு நற்செய்தி அந்தத் தச்சரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர் வாயில் ஒரு சொல்லைக்கூட வைக்கவில்லை. அவருக்கு அது கொடுக்கும் அடைமொழி ஒன்றே ஒன்று: நீதிமான்.

இந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். எபிரேய ஞான நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கருத்தை ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தனிமனிதனின் நல்லொழுக்கத்துக்கு ஒரு சொல், மன்றத்தில் கேட்டுப் பெறும் நியாயத்துக்கு வேறொரு சொல். தமிழில் பழைய பைபிளை மொழிபெயர்த்தவர்கள் பெரும்பாலும் அப்படிப் பிரிக்கவில்லை. இரண்டுக்கும் நீதி என்றே எழுதினார்கள். ஒழுக்கமாக வாழ்பவனும் நீதிமான், ஏழையின் வழக்கைச் சரியாகத் தீர்ப்பவனும் நீதிமான். நூலின் பெயரே நீதிமொழிகள். ஆங்கிலத்தில் வெறும் பழமொழித் தொகுப்பாகப் பெயர் பெற்ற நூல், தமிழில் கால் வைக்கும்போதே நீதியைப் பெயரில் சுமந்துகொண்டு வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது வேறு விவாதம். ஆனால் இந்தத் தமிழை வாசித்த சேரிக்காரருக்கு, ஒழுக்கமாக இரு என்ற அறிவுரையும் உன் வழக்கு கேட்கப்படும் என்ற உறுதியும் ஒரே சொல்லில் கிடைத்தன.

இன்னொரு சொல்லும் உண்டு. தன்னை நேசிப்பதுபோல் நேசிக்க வேண்டும் என்று லேவியராகமமும் இயேசுவும் சொல்லும் அந்த ஆளுக்குப் பழைய தமிழ் பைபிள் கொடுத்த பெயர் பிறன். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் அடுத்திருப்பவர் என்று எழுதுகிறது. புதிய சொல் மென்மையானது, மூலத்துக்கும் நெருக்கமானது. ஆனால் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் வயல் என்று அமைந்த தமிழ்நாட்டில் அடுத்திருப்பவர் யார்? வேளாளருக்கு அடுத்த வீடு வேளாளர் வீடுதான். தெருவே சாதியாக இருக்கும் நாட்டில், அடுத்திருப்பவரை நேசி என்பதைச் சொந்தச் சாதியை நேசி என்று வாசித்துவிட்டுப் போய்விட முடியும். பிறன் என்ற பழஞ்சொல் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. பிறன் என்றால் மற்றவன், நம்மில் ஒருவன் அல்லாதவன். நமக்குப் பழைய சொல்லின் மேல்தான் ஆசை.

சரி, நீதிமன்றம் கேட்ட ஆதாரத்துக்கு வருவோம். அது இல்லாமல் போகவில்லை. தமிழ்க் கிறித்தவத்தின் சொந்தக் கடிதங்களிலும் ஆணைகளிலும் சண்டைகளிலும் ஏறத்தாழ 300 ஆண்டுகளாக எழுதப்பட்டுக் கிடக்கிறது.

திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருமார் போய் அருட்சாதனங்கள் கொடுக்க வேண்டும் என்று 1704இல் ஆணையிட்டார். இதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே செய்தி. சேரிக்குள் போனால் உயர்சாதியார் எங்களை ஏற்க மாட்டார்கள் என்று இயேசு சபையார் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். 1744இல் உரோமை கடைசியாக உறுதி செய்தபோது பிறந்த சமரசம், பறையருக்கென்று தனிக் குருமார்! மறு ஆண்டே, 1745 அக்டோபரில், புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதுகிறார். தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் திரண்டு போய்க் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளை கிறித்தவர் அல்லர், சுவரை இடித்ததில் அவருக்கு மகிழ்ச்சியும் இல்லை. அதனால்தான் அந்தச் சாட்சி நமக்கு மதிப்புள்ளது.

சீர்திருத்தச் சபைகளின் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கே அச்சானது. அந்த அச்சு நூல் தஞ்சை மராத்தியர் படையில் சேவகம் செய்த இராசநாயக்கன் என்ற பறையர் கையில் கிடைத்தது. பிறப்பால் கத்தோலிக்கரான அவர் வாசித்தார், வாசித்ததைப் பற்றிக் கொண்டார், உபதேசியார் ஆனார், தஞ்சைப் பகுதியில் சபை வளர உழைத்தார். 1733இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் தரப்பட்டது. சீர்திருத்தச் சபையில் முதல் இந்தியக் குரு அவர்தான். பிறகு குருப்பட்டத்துக்குத் தகுதியானவர் யார் என்ற பேச்சில் இராசநாயக்கனின் பெயரும் வந்தது. அவருடைய பக்தியையோ உழைப்பையோ யாரும் குறை சொல்லவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதியார் கூசுவார்கள் என்பதுதான் தடை. உபதேசியாராகவே இறந்தார். புத்தகத்தைப் படித்துத் தானே தேடி வந்த மனிதருக்கு, அந்தப் புத்தகத்தின் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க அனுமதி இல்லை. இந்த ஒரு வாழ்க்கையை யாராவது முழுமையாக எழுத வேண்டும். தமிழில் இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்பது நம் எண்ணம்.

யாக்கோபின் நிருபத்தில் இரண்டாம் அதிகாரம் தமிழ்நாட்டுக் கோயிலைப் பார்த்தே எழுதியது போலிருக்கும். சபைக்குள் இருவர் வருகிறார்கள். ஒருவர் விரலில் பொன் மோதிரம், மற்றவர் உடம்பில் அழுக்கு உடை. மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை. ஏழையை நிற்கச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் காலடியில் உட்காரச் சொல்கிறார்கள். யாக்கோபு இதைப் பட்சபாதம் என்கிறார், பாவம் என்கிறார். பிறனை நேசி என்ற கட்டளைக்கு ராஜரிகப் பிரமாணம் என்று பெயர் சூட்டிவிட்டு, அது உடைகிற இடமாக அவர் காட்டுவது இருக்கையை! மனசுக்குள் என்ன நினைத்தாய் என்று அவர் விசாரிக்கவில்லை. எங்கே உட்கார வைத்தாய் என்று கேட்கிறார்.

தஞ்சைக் கோயிலில் வேளாளக் கிறித்தவர் ஒரு பக்கம், பறையர் கிறித்தவர் ஒரு பக்கம். நற்கருணைக்கு வருவதிலும் முந்தி, பிந்தி உண்டு. சுவார்ட்ஸ் காலத்து மிஷனரிகள் இதைத் தேசவழக்கம் என்று விட்டுவைத்தார்கள். 1820களில் வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் கலந்து உட்கார வேண்டும் என்றபோது எழுந்த எதிர்ப்பின் குரல் வேதநாயக சாஸ்திரியாருடையது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர், 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். 1829இல் அவர் எழுதிய எழுத்துகள் புதிய மிஷனரிகள் மேல் நான்கு குற்றங்களை அடுக்குகின்றன. ரேனியஸ் தமிழ் பைபிளைத் திருத்துகிறார், கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள், விழாக்களில் பூ வேண்டாம் என்கிறார்கள், சாதிகளை ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள். முதல் மூன்றில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே சொல்வோம். ஐரோப்பியச் சுவையைச் சுவிசேஷம் என்று நினைத்துக்கொண்ட மிஷனரிகள் நிறையப் பேர். ஆனால் தமிழிசைக்கும் பூவுக்கும் பக்கத்தில் சாதி இருக்கையையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டாரே, அங்கேதான் சிக்கல். சாதியைப் பண்பாடு என்ற கூடையில் போட்டு ஏந்திக்கொண்டு வரும் பழக்கம் நேற்று வந்ததல்ல.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியைத் தயக்கமின்றி, உடனே, ஒரேயடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தச் சாதியார் சமைத்தாலும் அந்தச் சோற்றைத் தாராளமாகச் சாப்பிட மறுப்பவருக்கு ஞானஸ்நானம் கூடாது என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி சமூக வழக்கம், மதத்துக்கு அதில் வேலையில்லை என்றது. கோபித்துக்கொண்டு வெளியேறிய உயர்சாதியாருக்கு அங்கே இடம் கிடைத்தது.

இந்தச் சோற்றுச் சோதனையைப் பற்றி ஒரு சொல். அன்றைய சென்னையில் வெள்ளையர் வீட்டுச் சமையற்காரரும் பட்லரும் பெரும்பாலும் பறையர்தான். துரைமார் மேசையில் அந்தச் சோறு காலங்காலமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பனே ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் ஏடு அவர் வழியாகத்தான் எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதுகிறார். பிறகு 1886இல் குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறித்தவ போதகர்களின் உபதேசம் வள்ளுவர் காதில் விழுந்திருக்கலாம் என்று முன்னுரையில் ஊகித்தார். சாந்தோமில் தோமையாரின் கல்லறை இருக்கிறதல்லவா, அதை நினைத்துக்கொண்டார். மயிலாப்பூரில் பிறந்த ஒருவர் அன்புடைமையைத் தாமாகவே சொல்லியிருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லையோ!

மேலே சொன்ன ஆவணங்களிலெல்லாம் ஒரு குறை உண்டு. எழுந்து வெளியேறியவர்கள் நிறைய எழுதினார்கள். கலந்து உட்காருங்கள் என்றவர்களும் எழுதினார்கள். உட்கார்ந்தே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அரிதாகவே காகிதத்தில் ஏறியது. அவர்கள் கேட்டது எதை என்று அறிய, கோயிலை விட்டு வயலுக்குப் போக வேண்டும்.

அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இன்று சென்னைக்குள் இருக்கும் சைதாப்பேட்டைதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டரின் தலைமையிடம். தியாகராய நகர் அப்போது இல்லை. அந்த இடத்தில் பேரேரி கிடந்தது. 1920களில்தான் ஏரியைத் தூர்த்து நகர் எழுப்பினார்கள். அடையாற்றைத் தாண்டினால் மிராசு கிராமங்கள். நிலம் மிராசுதாருடையது, ஊர்ப் பொதுவில் தரிசு கிடந்தாலும் தர்க்காஸ்தில் அவருக்கே முன்னுரிமை. பறையர் படியாள், அடிமைப்பட்ட உழைப்பாளி. இதையெல்லாம்விடக் கொடியது, அவர் குடியிருந்த சேரி மனையும் மிராசுதார் உரிமை கொண்டாடியதுதான். பிள்ளை பள்ளிக்கூடம் போனாலும், கூலி கூடக் கேட்டாலும், மிஷனில் சேர்ந்தாலும் குடிசையைப் பிடுங்கிவிடலாம்.

இந்த இடத்தில்தான் ஞான நூல்களை நம்மவர்கள் வேறு கண்ணால் வாசித்திருக்க வேண்டும் என்று சொல்கிறோம். நீதிமொழிகளின் 22, 23ஆம் அதிகாரங்கள் பழைய எல்லைக்கல்லை நகர்த்தாதே என்கின்றன. திக்கற்றவர் வயலில் கால் வைக்காதே, அவர்களை மீட்பவர் வல்லவர், வழக்கை அவரே நடத்துவார் என்கின்றன. ஏழை என்பதால் ஏழையைக் கொள்ளையடிக்காதே, ஊர்வாசலில், அதாவது ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் இடத்தில், அவனை நசுக்காதே என்கின்றன. யாக்கோபின் ஐந்தாம் அதிகாரத்தில் அறுவடைக்காரரின் பிடித்துவைத்த கூலி வாய் திறந்து கூக்குரலிடுகிறது. மயிலாப்பூர்க் கோயிலில் உட்கார்ந்திருக்கும் வக்கீலுக்கு இவை உவமைகள். படியாளுக்கு இவை நேற்று நடந்த செய்தி.

மிஷனரிகளில் சிலர் இதைக் கேட்டார்கள். செங்கல்பட்டில் இசுகாத்துலாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி. தங்கள் சபையாருக்காகத் தரிசு கேட்டுத் தர்க்காஸ்து போட்டார்கள், மனை கேட்டார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் பற்றிய தம் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். வருவாய் வாரியம் மறுப்புகளை அடுக்கியது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010, 1010ஏ வெளிவந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழியாக வந்ததுதான். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

மிஷனரிகளே நிலம் வாங்கித் தந்தார்கள் என்று கதை சொல்வது எளிது. ரூபா விஸ்வநாத் தம் ஆய்வில் இதைத் தலைகீழாக்குகிறார். சேரி மக்கள்தான் மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். நிலம், மனை, மிராசுதாரிடமிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை அவர்கள் கேட்டபோது, இவர்களுக்கு ஆன்மிக நோக்கம் இல்லையோ என்று மிஷனரிகள் வருந்தினார்கள். சாதியை ஆன்மாவின் நோய் என்று பேசிப் பழகியவர்களுக்கு அது வயலின் நோயாகவும் இருப்பது முதலில் பிடிபடவில்லை. நாம் இதை இப்படிச் சொல்வோம்: மிஷனரி அன்பைக் கொண்டுவந்தார், சேரி அவருக்கு நீதியைக் கற்றுக்கொடுத்தது. சோறு போட்ட மிஷனரியிடம் மனைப்பட்டா கேட்டவர்களுக்கு நீதிமொழிகள் நன்றாகவே புரிந்திருந்தது.

அடையாற்றுக்குத் தெற்கே ஊரூரில் 1894இல் கர்னல் ஆல்காட் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பிரம்மஞான சங்கத் தலைவர், அமெரிக்கர், 1880இலேயே இலங்கையில் பௌத்தம் தழுவியவர். பின்னால் எழுந்த பள்ளிகளில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். வேதத்தைக் கையில் எடுக்காமலே சேரிப் பிள்ளைக்கு எழுத்துக் கற்பிக்க முடியும் என்று அது காட்டியது. மிஷன் பள்ளிகளுக்கு அது ஒரு குத்தல்தான். ஆனால் ஆல்காட்டின் எதிர்பார்ப்பும் எளியதே. கொஞ்சம் தமிழ், கணக்கு, இங்கிலீஷ், சமையல். துரை வீட்டு வேலைக்கு ஆகும் அளவு. மயிலாப்பூர் அக்கிரகாரத்துப் பிள்ளைக்குக் கல்லூரி, ஊரூர்ப் பிள்ளைக்குச் சமையலறை! இரக்கத்தின் அளவுகோல் எப்போதும் கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது. 1898இல் அயோத்திதாசர் அதே ஆல்காட்டோடு இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டபோது, பள்ளியைத் தாண்டி வேறொன்றைக் கேட்டார். வரலாற்றைக் கேட்டார். 1885இல் அவரோடு சேர்ந்து திராவிட பாண்டியன் நடத்தியவர் ஜான் ரத்தினம் என்ற கிறித்தவப் போதகர் என்பதை மறக்கக் கூடாது. பௌத்தம், கிறித்தவம் என்ற இன்றைய வேலிகள் அந்தத் தலைமுறையில் அவ்வளவு உயரம் இல்லை.

அதன் பின் நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1980களில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியல் என்று பெயரிட்டதற்குச் சென்னைக் கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் கல்லூரி ஒரு களமாக அமைந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் பறட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு ஒரே உலை பற்றிப் பேசினார். நற்கருணை என்பது ஒரே பானையில் எல்லாரும் அரிசி போட்டுச் சமைத்து உண்பது என்றார். 1850இன் சோற்றுச் சோதனைக்கு அதைவிட நல்ல மறுமொழி நமக்குத் தெரியாது. அங்கே பறையர் சமைக்க மற்றவர் தின்று காட்ட வேண்டும், இங்கே எல்லாருடைய அரிசியும் வேகிறது. 1992இல் பாமாவின் கருக்கு வந்தது. துறவு மடத்துக்குள் சாதியைக் கண்டு வெளியே வந்த பெண்ணின் சாட்சி. சென்னைப் பேராயர் எம். அசரியா தலித் கிறித்தவர் கோரிக்கையை உலகத் திருச்சபைகளின் மேடைவரை கொண்டுபோனார். 2003 நவம்பரில் மயிலாப்பூர், மதுரை, புதுவை மறைமாநிலங்களின் ஆயர்கள் உரோமை போனபோது, சாதியைச் சபைக்குள் வைத்திருக்காதீர்கள் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடமே சொன்னார். 2008இல் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டபோது மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தனர். இறந்தவர்கள் வன்னியக் கிறித்தவர்கள். சாதி அவர்களையும் கொன்றது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தங்கள் தலித் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள்.

1985இல் இல்லை என்று சொல்லப்பட்ட சாட்சியம் இப்போது ஆயர்களின் கையெழுத்தோடு கிடக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2004இல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நீள்கிறது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் இன்றும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லைக்கல்லின் கதை பட்டியலோடு முடியவில்லை. 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்துச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். ஒன்று விவிலியப் பெயர், ஒன்று திருப்பதி மலையின் பெயர். திரமென்ஹீர் குறிப்பெழுதி 103 ஆண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தில், அதே நிலத்துக்காக.

நகரத்துக்குள்ளும் மனை யாருடையது என்ற பழைய கேள்வி ஓயவில்லை. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். 2022 மே மாதம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின் பேரில் வீடுகளை இடித்தபோது, அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார்.

நீதிமொழிகளின் கடைசி அதிகாரம் உங்களில் பலருக்கு மனப்பாடம். குணசாலியான பெண்ணைப் பற்றியது. கிறித்தவத் திருமணங்களில் தவறாமல் வாசிப்பார்கள். விடியுமுன் எழுகிறாள், வீட்டாருக்கு உணவு தருகிறாள், விளக்கு அணைவதில்லை. மணப்பெண்ணைப் பார்த்து இதைச் சொல்லி, அடக்கமாக, உழைப்பாக இரு என்று முடிப்பது பிரசங்க வழக்கம். அந்தப் பெண் ஒரு வயலை விசாரித்துத் தானே வாங்குகிறாள், தன் கையால் சம்பாதித்ததைக் கொண்டு திராட்சைத் தோட்டம் வைக்கிறாள் என்பதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவளைப் பற்றிய பகுதிக்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில், ஓர் அரசனின் தாய் மகனுக்குப் புத்தி சொல்கிறாள். பேச முடியாதவர்களுக்காக வாயைத் திற, ஏழைக்கும் எளியவருக்கும் நியாயம் செய் என்கிறாள். இதைத் திருமணத்தில் யாரும் வாசிப்பதில்லை.

பெரும்பாக்கத்திலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் விடியுமுன் எழுந்து பேருந்து ஏறி அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போகும் பெண்களில் கிறித்தவப் பெண்கள் பலர். பலருக்கு முந்திய வீடு இந்த வேலை இடங்களுக்குப் பக்கத்திலேயே, நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அந்த வீட்டு மனைக்குப் பட்டா இருந்ததில்லை.